வேலை மாறும்போது: ஊழியர்களும் மேனேஜர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனிதவளத் துறையில் பல வருடங்களாக இருக்கிறேன். எத்தனையோ பேருடைய ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்திருக்கிறேன். நானே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை நான் எழுதுவதற்குள் நிறுவனமே என்னை அனுப்பிவிட்டது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. சேரும் நாளுக்கு மாலை, போகும் நாளுக்கு கேக் என்று இரண்டு முனைகளிலும் நிறையச் செய்கிறோம். பழைய வேலை மனதை விட்டுப் போகாமலும் புது வேலை கைக்கு வராமலும் இருக்கும் அந்த நடு நாட்களில்தான் ஆள் தவிக்கிறார். அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கீழே உள்ள பெரும்பாலான கேள்விகள் அந்த நாட்களைப் பற்றியவை.

என் டீமில் ஒருவர் பேப்பர் போட்டுவிட்டார். முதலில் நான் என்ன சொல்ல வேண்டும்?

"சரி. எப்போது கிளம்ப நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த நிமிடத்துக்கு அது போதும்.

ஏன், எங்கே, எவ்வளவு என்ற மூன்று கேள்விகளும் உங்கள் நாக்கு நுனியில் நிற்கும். விழுங்கிக்கொள்ளுங்கள். அவர் இந்தப் பேச்சை வீட்டில் நாலு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பார். உங்களுக்கோ இப்போதுதான் தெரிகிறது. அதிர்ச்சியில் வாயிலிருந்து விழும் முதல் வார்த்தை ("இந்த நேரத்திலா?", "உன்னை நம்பித்தானே அந்த புராஜெக்டை எடுத்தேன்") பத்து வருடம் கழித்தும் அவருக்கு நினைவிருக்கும். என் முதல் மேனேஜர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அரை மணி நேரம் ஒதுக்கி நிதானமாகப் பேசுங்கள். டீமுக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவர் வாயாலேயே சொல்ல விரும்பினால் விட்டுவிடுங்கள். வதந்தி முந்திக்கொள்ளும் என்பதால் இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

அடிக்கடி வேலை மாறுகிறவரை நம்பலாமா?

எதை "அடிக்கடி" என்கிறீர்கள்? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை ஒரு தலைமுறையையே பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. 1957 முதல் 1964 வரை பிறந்தவர்கள் அவர்கள். 18 வயதிலிருந்து 56 வயது வரை சராசரியாக ஆளுக்கு 12.7 வேலைகள் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் கிட்டத்தட்ட பாதி 25 வயதுக்கு முன்பே. "அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்து ரிட்டயர் ஆனார்கள்" என்று பெருமூச்சு விடும் அதே வயதுக்காரர்களின் கணக்கு இது. ஒரு நாட்டுக் கணக்கை எல்லா ஊருக்கும் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் அந்தப் பெருமூச்சைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம்.

எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் சொல்லும் காரணத்தைத்தான் நான் கவனிப்பேன். நான்கு இடத்திலும் மேனேஜர்தான் மோசம் என்றால் யோசிப்பேன். நான்கு இடத்திலும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு நகர்ந்திருந்தால், அடுத்து கற்றுக்கொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது என்று நம்மைப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன்.

மாறலாமா வேண்டாமா என்று ஆறு மாதமாக மதில் மேல் பூனையாக இருக்கிறேன். எப்படி முடிவெடுப்பது?

உங்கள் வேலையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். செய்யும் வேலை, கூட இருக்கும் ஆட்கள், கையில் வரும் பணமும் நேரமும். இதில் எது கெட்டுப்போயிருக்கிறது? ஆட்கள் என்றால் அதே நிறுவனத்தில் வேறு டீம் போதும். பணம் என்றால் ஒரு முறை நேராகக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு வெளியே தேடலாம். வேலையே பிடிக்கவில்லை என்றால் அதே வேலையை இன்னொரு நிறுவனத்தில் போய்ச் செய்வதில் பயனில்லை. ஆறு மாதத்தில் திரும்பவும் மதில் மேல் ஏறிவிடுவீர்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது இரண்டு வார விடுப்பு. அதை எடுத்துவிட்டு வந்து யோசியுங்கள்.

கவுண்டர் ஆஃபர் கொடுத்து நிறுத்தலாமா? கொடுத்தால் ஏற்கலாமா?

போகிறவரை நிறுத்தச் சம்பளத்தைக் கூட்டித் தருவதுதான் கவுண்டர் ஆஃபர். சம்பளம் மட்டுமே காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால் கொடுக்கலாம். அப்படியும் ஒரு சங்கடம் உண்டு. ராஜினாமா செய்த பிறகு கூடும் சம்பளம் பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஒரு பாடம் சொல்லித் தரும்: இங்கே கேட்டால் கிடைக்காது, கிளம்பினால்தான் கிடைக்கும். அடுத்த வருடம் அவரும் ஒரு ஆஃபர் லெட்டரோடு வந்து நிற்பார்.

ஏற்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். போக நினைத்ததற்கு நான் எழுதி வைத்திருந்த காரணங்களில் எத்தனை இந்தப் பணத்தால் தீரும்?

நோட்டீஸ் காலத்தில், அதாவது ராஜினாமாவுக்கும் கடைசி நாளுக்கும் நடுவில், வேலையை அடுத்தவரிடம் உருப்படியாக ஒப்படைக்க என்ன செய்யலாம்?

"எல்லாம் பைலில் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பைலில் இருப்பது வேலையின் எலும்பு. சதை மனிதர்களின் தலைக்குள் இருக்கிறது.

கணக்குப் பிரிவில் 14 வருடம் இருந்த ஒரு அம்மா கிளம்பும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். 40 பக்கம், நீல மை. எங்கள் மென்பொருளில் எங்கும் இல்லாத விஷயங்கள் அதில் இருந்தன. "இவர் மெயில் பார்க்க மாட்டார், மாதம் 3-ஆம் தேதி காலை போன் பண்ணணும்." "இந்த ரிப்போர்ட்டில் கடைசிப் பத்தி தப்பாக வரும், கையால் திருத்தணும், ஏன் என்று யாருக்கும் தெரியாது." "வருடக் கணக்கு முடிக்கும் வாரம் யாருக்கும் லீவு கொடுக்காதீங்க, எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்." அவருக்குப் பின்னால் வந்த பையன் அந்த நோட்டை ஒரு வருடம் மேஜையை விட்டு எடுக்கவில்லை.

எல்லாரும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அதனால் நான் கையாளும் முறை வேறு. நோட்டீஸ் காலத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் போகிறவர் வேலையைச் செய்வார், வாரிசு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அடுத்த பங்கில் வாரிசு செய்வார், இவர் பார்ப்பார். கடைசிப் பங்கில் இவர் வேறு மேஜைக்குப் போய்விட வேண்டும், கேள்வி வந்தால் மட்டும் பதில் சொல்லலாம். சந்தேகங்கள் எல்லாம் அந்தக் கடைசிப் பங்கில்தான் முளைக்கும். ஆள் இன்னும் கட்டடத்துக்குள் இருக்கும்போதே முளைப்பது எவ்வளவு நல்லது!

வாரிசே இன்னும் கிடைக்கவில்லை என்றால், போகிறவரைப் பேச வைத்துக் கணினித் திரையோடு சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதுகிறவர், பேசச் சொன்னால் இரண்டு மணி நேரம் பேசுவார்.

நிறுவனத்துக்குள்ளேயே வேறு துறைக்குப் போகிறவருக்கும் உதவி வேண்டுமா? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே?

அந்த நினைப்புதான் அவரைப் படுத்துகிறது. வெளியிலிருந்து வருகிறவருக்கு ஒரு வாரம் அறிமுகம், கூடவே ஒரு துணை ஆள், ஒரு சாப்பாடு. உள்ளே மாறுகிறவருக்கு ஒரு மெயில். திங்கட்கிழமை மாடி மாறி உட்காருகிறார், அவ்வளவுதான். கேண்டீன் எங்கே என்று தெரியும், புது டீம் பேசும் சுருக்கச் சொற்களில் ஒன்றுகூடப் புரியாது. பத்து வருடம் இருந்துவிட்டு "இது என்ன?" என்று கேட்கக் கூச்சம் வேறு.

இதைவிடப் பெரிய தொல்லை பழைய டீம். "ஒரு நிமிஷம்தான், இதை மட்டும் பார்த்துச் சொல்லு" என்று தினமும் நாலு அழைப்பு வரும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று மூன்று மாதம் ஓடிவிடும். இரண்டு மேனேஜர்களும் உட்கார்ந்து ஒரு தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு பழைய டீம் அவரைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் புது மேனேஜர் மறுக்க வேண்டும். அந்த மறுப்பை ஊழியரின் தலையில் கட்டக் கூடாது.

பதவி உயர்வுகூட ஒரு வேலை மாற்றம்தானா?

சந்தேகமே வேண்டாம். ஆனால் விசிட்டிங் கார்டில் ஒரு வரிதான் மாறியிருக்கிறது என்பதால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

டெவலப்பராக இருந்த ஒருவரை டீம் லீடாக்கினோம். பகலெல்லாம் மீட்டிங். இரவு பத்து மணிக்கு மேல் பார்த்தால் டீம்காரர்கள் எழுதிய புரோகிராமைத் திறந்து வைத்து அவரே பிழை திருத்திக்கொண்டிருப்பார். "ஏன்?" என்று கேட்டதற்கு, "பகல் முழுக்க என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இதைச் செய்தால்தான் இன்று வேலை பார்த்த மாதிரி இருக்கிறது" என்றார். அவர் சோம்பேறியும் இல்லை, திறமை இல்லாதவரும் இல்லை. கை நன்றாகப் பழகிய ஒரு வேலையை இழந்திருக்கிறார். அதை இழப்பு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, எல்லாரும் வாழ்த்துதான் சொன்னார்கள்.

இப்படிப்பட்டவருக்கு முதல் மூன்று மாதம் "நல்ல நாள் என்றால் எது?" என்பதை மேனேஜர் திரும்பத் திரும்பச் சொல்லித் தர வேண்டும். இந்த வாரம் உன் டீமில் இரண்டு பேர் உன்னைக் கேட்காமலே ஒரு முடிவு எடுத்தார்கள், அதுதான் உன் வேலை, என்று இந்த அளவுக்குத் துல்லியமாக. ஒத்துவரவில்லை என்றால் மானம் போகாமல் பழைய இடத்துக்குத் திரும்ப ஒரு வழியும் வைத்திருங்கள்.

ஆட்குறைப்பு தவிர்க்க முடியாதது. எப்படிச் சொல்வது?

நேரில், தனித்தனியாக, சுருக்கமாக. முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் விஷயம் வந்துவிட வேண்டும். "சந்தை நிலவரம், நிர்வாகத்தின் தொலைநோக்கு" என்று பத்து நிமிடம் சுற்றிவந்தால் எதிரில் இருப்பவர் அதில் ஒரு சொல்லையும் கேட்க மாட்டார். தன் பெயர் எங்கே வரும் என்று மட்டும்தான் காத்திருப்பார்.

கடைசிச் சம்பளத் தேதி, மிச்ச விடுப்புக்கான பணம், மருத்துவக் காப்பீடு எதுவரை, அனுபவச் சான்றிதழ் எப்போது ஆகிய நான்கும் அச்சடித்த ஒரு தாளில் அவர் கையில் இருக்க வேண்டும். அந்த அறையில் கேட்டது எதுவும் வீடு போய்ச் சேரும்போது நினைவில் இருக்காது. தாள் இருக்கும். இரண்டு நாள் கழித்து இன்னொரு சந்திப்புக்கும் நேரம் குறித்துக் கொடுங்கள். உண்மையான கேள்விகள் அன்றுதான் வரும்.

என்னை அனுப்பிய நாளில், பிரியாவிடை மெயிலைப் பாதி அடித்துக்கொண்டிருந்தபோதே கணினி பூட்டிக்கொண்டது. பாதுகாப்பு விதி என்றார்கள். அந்தப் பாதி மெயிலில் வேறொன்றும் இல்லை, எட்டுப் பேருக்கு நன்றி இருந்தது.

சட்டப்படியோ பொது வழக்கப்படியோ குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும்?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. உங்கள் இடத்துச் சட்டத்தை அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அளவுகோல் ஒன்று வேண்டும் என்றால் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1982-இல் ஏற்றுக்கொண்ட 166-ஆம் பரிந்துரையைப் பார்க்கலாம். நோட்டீஸ் காலத்தில் வேறு வேலை தேடுவதற்குச் சம்பளம் பிடிக்காமல் நியாயமான அளவு நேரம் தர வேண்டும் என்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை ஆகியவற்றை மட்டும் சொல்லும் சான்றிதழைக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்கிறது. பொருளாதாரக் காரணங்களுக்காக அனுப்பப்பட்டவர்கள் விருப்பம் தெரிவித்திருந்தால், அதேபோன்ற தகுதிக்கு மறுபடி ஆள் எடுக்கும்போது அவர்களுக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. ஆனால் 40 வருடத்துக்கும் மேலாக எழுத்தில் இருக்கும் இந்த எளிய விஷயங்களைக்கூடச் செய்யாத இடங்கள் இருக்கின்றன. முக்கியமாக, சான்றிதழைப் பிடித்துவைத்து ஆளை மிரட்டும் வழக்கம். அதற்கு நியாயமே கிடையாது.

வேலை போனவருக்குப் பணம் தவிர வேறென்ன வேண்டும்?

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பியிருந்தது. ஆலை மூடிய பிறகு 1930-களின் தொடக்கத்தில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய சமூக ஆய்வாளர்கள் அங்கே போய் மக்களைக் கவனித்தார்கள். வீதியில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் நின்று நின்று, மெதுவாக நடந்தார்கள். வீட்டு வேலை மிச்சமிருந்த பெண்கள் வேகமாக நடந்தார்கள். படிக்க நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்துபோனது. வேலை என்பது சம்பளத்தோடு சேர்த்து ஒரு நாளுக்கு உருவமும், நாலு பேர் பழக்கமும், தனக்கென ஒரு இடமும் கொடுத்துக்கொண்டிருந்தது என்று யஹோடா பின்னாளில் எழுதியதற்கு வேர் அந்த ஊரில் இருக்கிறது.

அதனால் வேலை இழந்தவருக்கு முதலில் ஒரு நேர அட்டவணை வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு எங்காவது உட்கார வேண்டும். மொட்டை மாடியோ நூலகமோ, எதுவானாலும் சரி. தேடலுக்கு ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம் போதும்.

இன்னொன்று, மனதில் இருப்பதை எழுதுவது. 1994-இல் வெளியான ஒரு ஆய்வில், வேலை இழந்த பொறியாளர்களில் ஒரு பகுதியினரை ஐந்து நாள், தினமும் 20 நிமிடம், வேலை போனது பற்றித் தாங்கள் உணர்வதை எழுதச் சொன்னார்கள். எழுதாதவர்களையும் பொதுவான விஷயங்களை எழுதியவர்களையும்விட இவர்களுக்குச் சீக்கிரமாக வேலை கிடைத்தது. அதற்காக இவர்கள் கூடுதல் விண்ணப்பங்கள் போட்டுவிடவில்லை. கோபம் காகிதத்தில் இறங்கிவிட்டால் இன்டர்வியூ அறைக்குள் கூடவே வராது என்பது என் ஊகம். பழைய நிறுவனம் பற்றிக் கேட்டதும் முகம் சிவந்துபோகிற எத்தனையோ நல்ல ஆட்களை நான் இன்டர்வியூ மேஜையில் பார்த்திருக்கிறேன்.

நிறுவனம் கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால், ரெஸ்யூமே எழுதித் தரும் ஏஜென்சியைவிடக் குழுப் பயிற்சி மேல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு பயிற்சி மொத்தம் 20 மணி நேரம்தான், ஐந்து அரை நாள் அமர்வுகள். வேலை தேடும் முறையோடு, "மறுத்துவிட்டால் என்ன செய்வாய்?" என்பதையும் முன்கூட்டியே பழக்குகிறார்கள். வந்தவர்களுக்குப் பிற்பாடு வேலையும் நன்றாக அமைந்தது, மனச்சோர்வும் குறைந்தது என்று கண்டார்கள். நிராகரிப்பைக் குழுவாக உட்கார்ந்து பேசும்போது அது "எனக்கு மட்டும்" நடப்பதாகத் தோன்றாது.

நெருங்கிய நண்பர்களிடம் சொல்லிவைத்தேன். ஒன்றும் நகரவில்லை. ஏன்?

உங்களுக்குத் தெரிந்த இடங்கள்தான் அவர்களுக்கும் தெரியும் என்பதால். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதினார். வேலை பற்றிய புதுத் தகவல் பெரும்பாலும் தூரத்துப் பழக்கத்தின் வழியாகத்தான் வருகிறது. வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து 2022-இல் வெளியான ஆய்வும் கிட்டத்தட்ட அதையே சொன்னது, ஒரு திருத்தத்தோடு: மிக மேலோட்டமான பழக்கமும் அவ்வளவாக உதவவில்லை, உயிர் நண்பரும் அவ்வளவாக உதவவில்லை. நடுத்தரமான பழக்கம்தான் அதிகம் உதவியது.

ஆகவே ஐந்து வருடம் முன்பு உங்களோடு ஒரு புராஜெக்டில் இருந்துவிட்டு இப்போது எப்போதாவது வாழ்த்துச் சொல்லும் அந்த மனிதருக்கு எழுதுங்கள். "வேலை இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று முடித்துவிடுவார். "உங்கள் துறையில் இப்போது என்ன மாதிரி ஆளைத் தேடுகிறார்கள்? 15 நிமிடம் பேசலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் பேசுவார்.

ரெஸ்யூமேயில் ஒன்றரை வருட இடைவெளி. மறைக்கலாமா?

வேண்டாம். ஒரே வரியில் சொல்லுங்கள்: "பெற்றோரைக் கவனிக்க வேண்டியிருந்தது, இப்போது முழு நேரம் வரத் தயார்." நீட்டினால்தான் சந்தேகம் வரும்.

40-க்கு மேல் புதுத் துறைக்குப் போவது அகலக்கால் வைப்பதா?

இரண்டு காலையும் ஒரே சமயத்தில் எடுத்து வைத்தால் அகலம்தான். துறை, செய்யும் வேலை இரண்டையும் ஒன்றாக மாற்றாதீர்கள். மருத்துவமனையில் கணக்கராக இருக்கும் ஒருவர் தரவுப் பகுப்பாய்வுக்குப் போக நினைத்தால், முதலில் அதே மருத்துவத் துறையில் தரவு வேலை பார்க்கலாம். துறை தெரியும், வேலை புதிது. இரண்டு வருடம் கழித்து அதே தரவு வேலையோடு வேறு துறைக்குத் தாவலாம். அப்படிப் போகும்போது ஒவ்வொரு அடியிலும் ஊன்றிக்கொள்ள ஒரு கால் இருக்கும்.

சம்பளம் இறங்கலாம். எத்தனை மாதம் தாங்கும் என்று வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தனியாகப் போடும் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும், அதுதான் ஆபத்து. இன்னொரு விஷயம், உங்களைவிடப் பதினைந்து வயது சின்னவர் உங்களுக்குச் சொல்லித் தருவார். அந்த முதல் வாரம் கொஞ்சம் உறுத்தும்.

போனவர்களைப் பார்த்து இருப்பவர்கள் சோர்ந்துபோகிறார்கள். என்ன செய்யலாம்?

போனவர்களின் வேலையை இருப்பவர்கள் தலையில் அப்படியே கொட்டாதீர்கள். பத்துப் பேர் செய்ததை ஏழு பேர் செய்ய முடியாது. எந்த மூன்று வேலையை நிறுத்தப் போகிறோம் என்று பெயர் சொல்லி அறிவியுங்கள். "இனி யாரையும் அனுப்ப மாட்டோம்" என்ற வாக்குறுதியை நிச்சயம் தெரியாமல் கொடுக்காதீர்கள். "அடுத்த மாதம் 10-ஆம் தேதி மறுபடி பேசுகிறேன், அதுவரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்" என்பது மேல். அந்த 10-ஆம் தேதி சொல்லப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் வந்து நில்லுங்கள்.

எக்ஸிட் இன்டர்வியூவால் பயன் உண்டா?

விலகுகிறவரிடம் காரணம் கேட்கும் அந்தப் பேட்டியைக் கடைசி நாளில் நடத்தினால் இல்லை. சான்றிதழ் உங்கள் கையில் இருக்கும்போது யார் உண்மை சொல்வார்? மூன்று மாதம் கழித்து, வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் போனில் கேட்டால் கொட்டிவிடுவார்கள். அதைவிடவும் நல்லது, இருக்கிறவர்களையே வருடத்துக்கு ஒரு முறை கேட்பது: "போன வருடம் எந்த வாரத்தில் ரெஸ்யூமேயைத் தூசி தட்டினீர்கள்?" கேட்பவரிடம் நம்பிக்கை இருந்தால், சிரித்துக்கொண்டே வாரத்தைச் சொல்வார்கள்.

போனவர் திரும்பி வர விரும்புகிறார். சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் பழைய ஆளாக நினைத்துச் சேர்க்காதீர்கள். அவர் போய் இரண்டு வருடத்தில் டீமும் மாறியிருக்கிறது, அவரும் மாறியிருக்கிறார். புதியவருக்குச் செய்யும் அறிமுகம் முழுவதையும் செய்யுங்கள். எந்தக் காரணத்துக்காகப் போனாரோ அது இன்னும் அப்படியே இருக்கிறதா என்பதை வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

பிரிவு உபசாரம் கட்டாயமா?

போகிறவரைக் கேளுங்கள். சிலருக்கு மேடை பிடிக்கும், சிலருக்குக் கூச்சம். கேக் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். அந்தப் பிரியாவிடை மெயிலை மட்டும் முழுதாக அடித்து முடிக்க விடுங்கள்.